சோபகிருது

குடியாத்தம் கோட்டாட்சியர் அலுவலகத்தில்
நான் தட்டச்சர். ஒப்பந்த வேலை.
நேற்று அடித்தது பதினோரு விடுதலைச் சான்று.
கரி மூட்டத்திலிருந்து மீட்டு வந்தவர்கள்
ஜீப் நிறுத்தும் கொட்டகையில் குந்தியிருந்தார்கள்.
குளிக்கவைத்துத்தான் கூட்டிவந்தார்களாம்.
நகக்கண்ணில் மட்டும் கரி இருந்தது.

பெயர்? கெங்கம்மா.
வாங்கிய முன்பணம்?
"எட்டாயிரம்னு சொல்றாங்க."
யார் வாங்கியது?
"மாமனாரு. சாவு செலவுக்கு."
யார் சாவு?
"அவுருதுதான்."

விசைப்பலகைமேல் விரல்கள் நின்றுவிட்டன.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

போன மாசம் பதிவறையை ஒழித்தோம்.
கரையான் மிச்சம் வைத்த ஒரு கட்டில்
கிரயச் சீட்டு ஒன்று. சுபகிருது வருஷம், தை மாசம்.
பாலாற்றுக்குத் தெற்கே நஞ்சை இரண்டு காணி.
நிதி, நிட்சேபம், சலம், தரு, பாஷாணம்,
அட்சீணி, ஆகாமி, சித்த சாத்தியம்
எட்டையும் எழுதிவிட்டு
எட்டோடு நிறுத்தாமல்,
"அடிமையாள் கூளி, அவன் பெண்டாட்டி பூச்சி,
பிள்ளை ஒண்ணு."

மாமரம் இரண்டு என்று எழுதியவன்
ஒன்று காய்ப்பது, ஒன்று மலடு என்று
விவரமும் எழுதியிருந்தான்.
பிள்ளை ஆணா பெண்ணா என்று இல்லை.

அந்தப் பங்குனியில் சட்டம் வந்தது.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று, ஐந்தாம் சட்டம்.
தேடிப் படித்தேன். நாலே பிரிவு.
நீ இனி விடுதலை என்று
ஓரிடத்திலும் சொல்லவில்லை.
இவன் என் சொத்து என்று ஒருவன் வந்து நின்றால்
கோர்ட்டு காது கொடுக்காது,
ஏறக்குறைய அவ்வளவுதான்.
கூளி எந்தக் கோர்ட்டைப் பார்த்தான்?
தண்டோரா போட்டதாகக்கூட
கட்டில் ஒரு தாள் இல்லை.

இருந்தது வேறொரு சீட்டு.
சோபகிருது, ஆவணி. சட்டம் வந்து ஐந்து மாசம்.
அதே கணக்கன் கை, அதே சுழித்த எழுத்து.
அடிமை என்ற சொல்லை மட்டும் காணோம்.
"நான் பட்ட கடன் ரூபாய் பத்து
தீருமட்டும் பாடுபட்டுக் கழிப்பேனாகவும்.
இது கூளி தற்குறி."
தையில் விற்ற சரக்கு
ஆவணியில் ஒப்பமிடும் ஆளாகிவிட்டது.
கோடு ஒன்று, குறுக்கே கோடு ஒன்று.
தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தியிருக்கிறான்,
அல்லது அவன் கையை யாரோ.

கூளியின் பிள்ளை பிழைத்ததா, தெரியாது.
என் பாட்டனுக்கு அப்பன் பெயரும்
எனக்குத் தெரியாது.
அன்றைக்கு அந்தக் கட்டை மூடிவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

வருஷங்கள் அறுபது சுற்றித் திரும்பும்.
முதல் சுற்று முடிவதற்குள்
அடிமை வைப்பதே குற்றம் என்றது தண்டனைச் சட்டம்.
மூன்றாம் சுற்றில், எழுபத்தாறில்,
கொத்தடிமைக் கடனே செல்லாது என்றது இன்னொன்று.
நேற்று என் மேசைக்கு எதிரே
தினசரி நாட்காட்டியில் மறுபடி சோபகிருது,
மாசி, அஷ்டமி, சூலம் கிழக்கு.

சான்றில் கோட்டாட்சியர் பச்சை மையில் கையெழுத்திட்டார்.
கெங்கம்மா வாங்கிக்கொண்டு
என்னிடம்தான் வந்தாள்.
"எட்டாயிரத்த எப்பக் கட்டணும்?"
கட்டவே வேண்டாம், கடன் ரத்து என்றேன்.
"அப்ப அந்த நோட்டு?"
எந்த நோட்டு?
"அவரு கையில இருக்கே. செவப்பு அட்டை போட்டது."
அது இனிச் செல்லாது என்றேன்.
சிரித்தாள். என்னைப் பார்த்து
ஒரு பெரிய மனுஷி சின்னப் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பதுபோல.
அவளுக்கு இருபத்து மூன்று என்று
நானே அடித்திருந்தேன்.

நாலரைக்குப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன்.
புருஷன், மூன்று பிள்ளைகள், ஒரு அலுமினியக் குண்டான்.
நடத்துநர் எட்டிப் பார்த்து
"எங்கம்மா போவணும்?" என்றார்.
அவள் புருஷனைப் பார்த்தாள்.
அவன் பேருந்தின் பலகையை,
படிக்கத் தெரியாமல்,
வெகுநேரம் பார்த்தான்.
நடத்துநர் விசில் ஊதவில்லை, இன்னும்.